கடல் ஏறியது, ஏரி வற்றியது

ஆஸ்திரேலியாவில் மனிதர்கள் முதன்முதலாகக் கரையேறிய இடத்தை எந்த வழிகாட்டியாலும் காட்ட முடியாது. அது கடலுக்கடியில் கிடக்கிறது.

பனியுகத்தில் உலகின் நீர் பெருமளவு பனிப்பாறையாக உறைந்து நின்றது. கடல் வெகுவாகத் தாழ்ந்தது. நியூகினி, ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா மூன்றும் ஒரே நிலம். ஆய்வாளர்கள் அதை சாகுல் என்கிறார்கள். இன்று இறால் படகுகள் வலையிழுக்கும் கார்பென்டேரியா வளைகுடா, அன்று நடுவில் ஏரியுள்ள சமவெளி. அப்போதும் ஆசியாவிலிருந்து நடந்தே வந்துவிட வழியில்லை. தீவு தீவாக வந்தாலும் ஓரிடத்தில் ஏறக்குறைய 90 கி.மீ. திறந்த கடலைத் தாண்டியாக வேண்டும். வெள்ளத்தில் மரத்தைப் பற்றிக்கொண்டு ஒதுங்கிய நாலைந்து பேர் ஒரு கண்டத்தை நிரப்பினார்கள் என்பதை நான் நம்பவில்லை. பெண்களும் ஆண்களுமாகத் திட்டமிட்டுத்தான் புறப்பட்டிருப்பார்கள். அவர்களுடைய கலங்களில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

வந்த காலம் பற்றி வழக்கு ஓயவில்லை. வடக்கே மஜெட்பெபே பாறைக்குகையின் கருவிகளுக்கு 65,000 ஆண்டு என்கிறது 2017-இல் வந்த ஆய்வு. 50,000-க்கு மேல் ஏற்காதவர்களும் உண்டு.

தென்கிழக்கே, கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, முங்கோ ஏரியில் அவர்கள் வாழ்க்கையே கிடைத்தது. அன்று அது நீர் தளும்பிய ஏரி. கரையில் அடுப்பு மூட்டி மீனும் மட்டியும் சுட்டுத் தின்றார்கள். 1968-இல் நிலவியலாளர் ஜிம் பௌலர் கண்டது, சுமார் 42,000 ஆண்டுகளுக்கு முன் எரியூட்டப்பட்ட ஒரு பெண்ணின் எலும்புகள். 1974-இல் அவரே கண்ட ஆண், கைகள் மடிமீது கோத்திருக்க, மேலே செங்காவி தூவிப் புதைக்கப்பட்டிருந்தார். அந்தக் காவி அக்கம்பக்கத்தில் கிடைக்காது. தொலைவிலிருந்து சுமந்து வந்திருக்கிறார்கள். செத்தவருக்காக அவ்வளவு தூரம் நடந்தவர்களை நாடோடிக் கூட்டம் என்று எழுதித் தள்ளிய பழைய பாடநூல்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

பனியுகத்தின் கடைசியில் ஏரி வற்றியது. பிறகு கடல் ஏறி டாஸ்மேனியாவைத் துண்டித்தது. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் நியூகினியையும் பிரித்தது. கடலோரத்தார் உள்ளே நகர்ந்தார்கள். ஏரிக்கரையார் கிடைத்த ஊற்றையும் ஆற்றையும் நம்பி, புல்விதையை அரைத்து உண்டு அந்த வட்டாரத்திலேயே இருந்தார்கள்.

இன்று முங்கோ, உப்புப்புதரும் மணல்மேடும். 1869-இல் கட்டிய ஆட்டுப்பண்ணைக் கொட்டகை இன்னும் நிற்கிறது. மணல்மேடுகளுக்குச் ‘சீனச் சுவர்கள்’ என்று பெயர். ஆய்வுக்காகக் கான்பெராவுக்கு எடுத்துச் சென்றவற்றில் பெண்ணின் எலும்புகள் 1992-இல் திரும்பின, ஆணுடையவை 2017-இல். 2022-இல் அவற்றை மண்ணில் சேர்த்தபோது பழங்குடியினருக்குள்ளேயே சச்சரவு எழுந்தது. வீட்டார் என்றால் சச்சரவு இருக்கத்தானே செய்யும்! சீனச் சுவர்களுக்குள் இப்போது யாரும் தம் போக்கில் நுழைய முடியாது. பழங்குடி வழிகாட்டி கூட வர வேண்டும்.