200 டாலர் துப்பாக்கி எவ்வளவு நாள் உழைக்கும்? அமெரிக்காவில் இதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

"பத்து வருஷமா வச்சிருக்கேன், ஒரு பிரச்சினையும் இல்ல." மலிவு விலை கைத்துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கர்கள் பலரும் சொல்லும் சான்றிதழ் இது. ஆனால் அந்தப் பத்து வருஷத்தில் எத்தனை தோட்டா சுட்டார்கள்? மேசை டிராயரிலேயே கிடந்த துப்பாக்கி தேயாது. பழைய பைக் வாங்கினால் கிலோமீட்டராவது பார்க்கலாம். துப்பாக்கியில் அப்படி ஒரு மீட்டரே கிடையாது.

விலை எங்கே குறைகிறது? ஓஹையோவில் தயாராகும் ஹை-பாயின்ட் சி9 விலை சுமார் 200 டாலர். அதன் ஸ்லைடு, அதாவது சுடும்போது பின்னால் போய் வரும் மேல்பாகம், எஃகு அல்ல. அச்சில் வார்த்த துத்தநாகக் கலவை. பாரலையும் ஸ்லைடையும் பூட்டி வைக்கும் அமைப்பும் இதில் இல்லை. வெடிப்பின் வேகத்தை ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும்தான் தாங்க வேண்டும். அதனால்தான் பார்க்கவே செங்கல் மாதிரி இருக்கிறது! கிண்டல் செய்பவர்கள் அதிகம். ஆனாலும் கைமாறி வாங்கியவருக்கும் நிறுவனம் ஆயுள்கால வாரன்டி தருகிறது.

இந்தக் கலவை 400 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே உருகிவிடும். இல்லினாய்ஸ் மாகாணத்தில் 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் (சுமார் 427 செல்சியஸ்) உருகும் துத்தநாகக் கைத்துப்பாக்கிகளைக் கடைக்காரர்கள் விற்கக் கூடாது. உருகுநிலையை வைத்துத் தரத்தை அளப்பது கொஞ்சம் சுற்றுவழிதான்.

கலிஃபோர்னியா நேரடியாகச் சுட்டே பார்க்கிறது. ஒரே மாடலில் மூன்று துப்பாக்கிகள், ஒவ்வொன்றிலும் 600 தோட்டாக்கள். முதல் 20இல் ஒரு கோளாறுகூட வரக் கூடாது. மொத்தத்தில் ஆறுக்கு மேல் போகக் கூடாது. பிறகு 1 மீட்டர் 1 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட்டில் போட்டுப் பார்ப்பார்கள். தானாக வெடித்தால் ஃபெயில். ஆனால் மாதம் 100 தோட்டா சுடுபவருக்கு 600 என்பது ஆறே மாசக் கணக்கு. அதற்குப் பிறகு ஸ்பிரிங் தளருமா, விரிசல் விழுமா என்பதற்கு இந்தச் சோதனையில் பதில் இல்லை.

தேசிய அளவில்? பொம்மைகளைக்கூடச் சோதிக்கும் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு, நிஜத் துப்பாக்கிமேல் அதிகாரம் இல்லை. சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. கோளாறான மிக்ஸியைத் திரும்பப் பெறச் சொல்லலாம், துப்பாக்கியைச் சொல்ல முடியாது.

அதனால் விஷயம் கோர்ட்டுக்குப் போகிறது. பிரேசிலின் டாரஸ் நிறுவனத்தின் ஒன்பது மாடல்கள் கீழே விழுந்தாலே வெடிக்கின்றன என்று வழக்கு தொடரப்பட்டது. விற்பனையானவை கிட்டத்தட்ட 10 லட்சம். 2015இல் சமரசம் ஏற்பட்டது. தவறை நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் திருப்பிக் கொடுத்தால் பணம், இல்லையென்றால் சரிசெய்து தருகிறோம் என்றது.