கரையோரத்தை அளக்க வருபவர்கள்

வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணித்துண்டு ஒன்றுக்கு, அதன் உரிமையாளரான முதியவருடன் அண்மையில் நாமும் சென்றிருந்தோம். 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் உடுத்த உடுப்புடன் ஊரைவிட்டு வெளியேறியவர் அவர். எத்தனை முகாம், எத்தனை வாடகை வீடு மாறியபோதும், பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதியையும் அதனோடு இணைத்த பழைய வரைபடத்தையும் அவர் கைவிடவில்லை. காணியில் வேலி இல்லை. கிளுவங் கதியால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நின்ற பனைகளில் பாதி இல்லை. கட்டு இடிந்த கிணறு மட்டுமே அடையாளம்.

அளக்க வந்த இளைஞர் உறுதியை வாங்கி வாசித்துவிட்டு, "அப்பு, வடக்கு எல்லை கடற்கரை எண்டு கிடக்கு" என்றார்.

"ஓம் தம்பி, கடற்கரைதான்."

"எந்தக் கடற்கரை அப்பு? உறுதி எழுதேக்கை இருந்ததோ, இப்ப இருக்கிறதோ?"

முதியவர் பதில் சொல்லவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கேள்வியை நாம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். திரும்பிப் போகவிருக்கும் குடும்பங்களுக்கும், போக விடமாட்டார்களா என்று காத்திருக்கும் குடும்பங்களுக்கும் இது பயன்படும் என்று எண்ணியே இதனை எழுதுகின்றோம்.

காணியை அளந்து பதிவது எமக்குப் புதிய சங்கதியல்ல. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு என்ற சொல் இன்றும் எமது உறுதிகளில் வாழ்கிறது. ஆங்கிலேயர் வந்து சில ஆண்டுகளிலேயே, 1800ஆம் ஆண்டு ஆவணி 2ஆம் திகதி, தேசாதிபதி பிரடெரிக் நோர்த் நில அளவைத் திணைக்களத்தை நிறுவினார். நாட்டின் பழைமையான அரச திணைக்களங்களில் அது ஒன்று. 66 அடி நீளமான சங்கிலியைப் பிடித்து அளந்த காலம் போய், செய்மதியின் உதவியோடு அளக்கும் காலம் வந்துவிட்டது. எனினும் எமது ஊர்களில் இன்றும் "சங்கிலி பிடிக்க வந்தவை" என்றே சொல்கிறார்கள்.

கரையோரத்தைப் பொறுத்தவரை அளப்பவர் ஒருவரல்லர். நிலத்தை அளந்து வரைபடம் ஆக்குவது நில அளவைத் திணைக்களம். கடலின் ஆழத்தை அளந்து கப்பலோட்டிகளுக்கான வரைபடம் செய்வது வேறு ஆட்களின் வேலை. கரையோர வலயம் எது, அதற்குள் எதைச் செய்யலாம் என்று பார்ப்பது கரையோரம் பேணல் திணைக்களம். ஓர் அலுவலகத்தில் கேட்டால் மற்றதைக் காட்டுவதும், மற்றதில் கேட்டால் முதலாவதைக் காட்டுவதும் இதனாலேயே. எமது தீவின் கரையோரம் எவ்வளவு நீளம் என்பதில்கூட ஒருமைப்பாடு இல்லை. ஒரு நூல் 1,340 கிலோமீற்றர் என்கிறது, இன்னொன்று 1,600க்கு மேல் என்கிறது. இரண்டிலும் பொய்யில்லை. ஒவ்வொரு குடாவுக்குள்ளும் நுழைந்து அளப்பவருக்குக் கரை நீளும். எட்டி நின்று அளப்பவருக்குக் குறுகும்.

இனி எமக்கு வேண்டிய இடத்துக்கு வருவோம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றரும், சராசரி தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரும் கரையோர வலயமாகும். கடலோடு தொடுக்கும் ஆறு, களப்பு, நீரேரி ஆகியவற்றில் வாய்ப்பகுதியிலிருந்து உள்நோக்கி 2 கிலோமீற்றர் வரை இவ்வலயம் செல்லும். 2011ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த நீர்நிலைகளின் ஓரமாக 100 மீற்றரையும் சேர்த்தது. ஆகவே இது மீன்பிடிக் குடும்பங்களின் விடயம் மாத்திரமன்று. நீரேரிக் கரையில் வயல் வைத்திருப்பவர்களும் காது கொடுக்க வேண்டியது.

300 மீற்றர் என்பது நாடா பிடித்தால் முடிகிற காரியமாகத் தோன்றும். ஆனால் எங்கிருந்து பிடிப்பது? உயர் நீர்மட்டக் கோடு மணலில் கீறிக் கிடப்பதில்லை. நெடுநாட்கள் வற்றும் பெருக்கும் பார்த்துச் சராசரி எடுத்து, அந்த உயரம் நிலத்தில் எங்கே வருகிறது என்று கணிக்க வேண்டும். எமது நாட்டில் பெருக்குக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. பாறைக் கரையில் அதனால் பெரிய மாற்றம் இல்லை. தட்டையான எமது கரையில் கதை வேறு. 200 மீற்றர் நடந்தால் ஒரு மீற்றர் உயரும் நிலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உயரக் கணிப்பில் அரை மீற்றர் பிசகினால் கோடு 100 மீற்றர் தள்ளிப்போய்விடும். ஒருவரது வளவு முழுவதும், சில வேளை அடுத்தவரது தோட்டமும், அந்த நூறு மீற்றருக்குள் அடங்கிவிடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். கரையோர வலயத்துக்குள் காணி விழுந்தால் அது அரசாங்கத்துக்குப் போய்விட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படிச் சொல்லி மனந்தளர வைப்பவர்களும் உண்டு. அது சரியல்ல. வலயம் என்பது உறுதியை இரத்துச் செய்வதல்ல. கட்டடம் கட்ட, மணல் அள்ள, நிலம் நிரப்ப அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதே அதன் பொருள். மீன்பிடிக்கும், கரையைக் குலைக்காத பயிர்ச்செய்கைக்கும், மரம் நடுவதற்கும் அந்த அனுமதிகூடத் தேவையில்லை என்றே கரையோர முகாமைத்துவத் திட்டம் சொல்லி வந்துள்ளது. வெங்காயம் வைப்பதற்கு எவரும் கடிதம் எழுதத் தேவையில்லை.

கோடு ஒன்று குடும்பங்களை எப்படி அலைக்கழிக்கும் என்பதை 2004 மார்கழி 26க்குப் பின்னர் கண்டோம். சுனாமிக்குப் பிறகு தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும், வடக்கு கிழக்கில் 200 மீற்றரும் மீளக் கட்டக்கூடாத பகுதி என்று அறிவித்தார்கள். பிற்பாடு அது தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கூடாரங்களில் கிடந்தவர்களுக்கு, தமது அத்திவாரம் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதே ஒவ்வொரு நாளும் கேள்வியாயிருந்தது.

அண்மையதும் மறக்கக்கூடியதல்ல. 2025 பங்குனி 28ஆம் திகதிய 2430ஆம் இலக்க வர்த்தமானியில், 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அறிவித்தல் ஒன்று வந்தது. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாக வெளிப்படுத்தப்படும் என்பதே அதன் சாரம். அதிற் பெரும்பகுதி கரையோரக் காணி. உறுதியை இழந்தவர்கள், வெளிநாடு போனவர்கள், பெற்றோரை இழந்து தோம்பு எதுவென்றே தெரியாத பிள்ளைகள் மூன்று மாதத்தில் என்ன செய்வார்கள்? எதிர்ப்பு எழுந்தது. அரசாங்கம் மீளப்பெறுவதாக அறிவித்தது. ஆனி மாதத்தில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இம்முறை தப்பினோம். ஆனால் அப்பட்டியலைப் பார்த்தபோதுதான் தமது காணித்துண்டின் இலக்கத்தை முதன்முதலாக அறிந்தவர்கள் பலர் என்பது எமக்கு உறைத்தது.

இந்த அளவை வேலையெல்லாம் அரசாங்க ஆட்களாலேயே செய்யப்படுவதில்லை. உலகெங்கும் இது கம்பனிகளுக்குக் கொடுக்கப்படும் வேலையாகி வருகிறது. இதில் முன்னே நிற்பது அமெரிக்கா. அங்கே ஜனாதிபதி ஜெபர்சன் 1807ஆம் ஆண்டிலேயே கரையோர அளவைக்கு ஏற்பாடு செய்தார். இன்று அவ்வேலை நோவா எனப்படும் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் கையில் உள்ளது. விமானத்திலிருந்து ஒளிக்கதிரைப் பாய்ச்சி நிலத்தின் உயரத்தை அளக்கும் லைடார் வேலை, வான்படம் எடுத்தல், கரையில் எங்கே புல் எங்கே சதுப்பு என்று பிரித்துக் காட்டுதல் போன்றவற்றை நோவா தனியார் கம்பனிகளுடன் செய்யும் ஒப்பந்தங்கள் மூலமும் பெறுகிறது. ஒப்பந்தகாரரைத் தெரியும் முறைதான் எம்மைக் கவர்ந்தது. 1972ஆம் ஆண்டின் புரூக்ஸ் சட்டத்தின்படி இத்தகைய வேலைகளில் முதலில் விலையைக் கேட்பதில்லை. யாருக்கு அனுபவம் உண்டு, யாரிடம் தகுதியான ஆட்கள் உண்டு என்று நிரைப்படுத்திய பின்னரே விலை பேசுகிறார்கள். கிடைக்கும் அளவைத் தரவுகளைப் பொதுமக்கள் இலவசமாகப் பார்க்கவும் வைக்கிறார்கள். அங்கே எல்லாம் செம்மை என்று நாம் சொல்லவில்லை. தனது காணி எத்தனை அடி உயரத்தில் நிற்கிறது என்பதை ஓர் ஏழை விவசாயியும் பார்க்கக் கூடியதாயிருப்பது நல்ல காரியம் என்று மாத்திரம் சொல்கின்றோம்.

எமது நாட்டில் 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின்படி, நில அளவைச் சபையில் பதிவுபெற்று உரிமம் வைத்திருப்பவரே சட்டப்படி காணி அளந்து வரைபடம் தரலாம். உறுதிக் காணியை இத்தகைய தனியார் நில அளவையாளர் அளப்பார். அனுமதிப்பத்திரக் காணியென்றால் பிரதேச செயலகத்தின் வேண்டுகோளின் பேரில் நில அளவைத் திணைக்களம் அளக்கும். கண்ணிவெடி கிடந்த ஊர்களில் இவர்கள் எவரும் இறங்குவதற்கு முன் வெடி அகற்றுவோர் நிலத்தைக் கையளித்திருக்க வேண்டும்.

வான்படம் எடுக்கும் கம்பனி எவ்வளவு திறமையாக எடுத்தாலும், வேலி அழிந்த நிலம் வானத்திலிருந்து பார்க்கும்போது வெறும் பற்றைக் காடுதான். அதில் ஐம்பது குடும்பங்களின் முதுசமும் சீதனமும் கிடப்பது படத்தில் விழாது. அதைச் சொல்வதற்கு ஊரில் ஆள் வேண்டும். ஒப்பந்தம் கொடுப்பவர்கள், அளவைக்கு முன் ஊர்ப் பெரியவர்களோடு நடந்து பார்ப்பதையும் வேலையின் ஒரு பகுதியாகச் சேர்த்து அதற்கும் காசு ஒதுக்க வேண்டும் என்பது எமது கருத்து. அது இல்லாத அளவை எவ்வளவு நுட்பமானதாயினும் அரைகுறையானதே.

கைத்தொலைபேசியைப் பிடித்து எல்லை பார்த்துக் கதியால் போடுகிற வழக்கமும் இப்போது பரவி வருகிறது. தயவுசெய்து வேண்டாம். அது சில மீற்றர் பிழைக்கும். ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். சதுரமாகப் பிடித்தால் பக்கம் 16 மீற்றர். ஒரு பக்கத்தில் 5 மீற்றர் தவறினால் ஒரு பரப்பில் மூன்றிலொன்று பக்கத்து வளவுக்குப் போய்விடும். முப்பது வருடம் கழித்து ஊருக்கு வந்த அயலவர்கள் இதற்காக வழக்காடுவதையும் நாம் பார்த்துவிட்டோம்.

அதைவிட, உறுதியில் இருக்கும் வரைபட இலக்கத்தையும் திகதியையும் அளந்தவரின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். கிணறு, கோயில், மதகு, பழைய ஆலமரம் ஆகியவற்றை வைத்து ஊரின் குறிப்புப்படம் ஒன்றைப் பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே கீறி வைப்பது நன்று. பங்குகளில் இதனை ஒரு மாலைப்பொழுதில் செய்யலாம். பிள்ளைகளுக்கு இத்தொழிலில் இடமும் உண்டு. தியத்தலாவையில் நில அளவைக் கல்லூரி இருக்கிறது. சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு பீடம் இருக்கிறது. கணிதத்தில் கெட்டியான பிள்ளைகளைப் பெற்றோர் வைத்தியம், பொறியியல் என்று மாத்திரம் துரத்தாதிருப்பார்களாக.

முதியவரின் காணிக்குத் திரும்புவோம். இளைஞர் பழைய வரைபடத்திலிருந்த கிணற்றிலிருந்து அளவெடுத்தார். மூன்று பக்கமும் ஒருவாறு பொருந்தியது. வடக்கு மூலைகள் இரண்டும் அலை அடிக்கும் இடத்தில் வந்து விழுந்தன. ஒன்றரைப் பரப்பளவு கடலுக்குள் கிடந்தது.

"அப்ப அந்தத் துண்டுக்கு நான் ஆரைக் கேக்கிறது தம்பி?" என்றார் முதியவர்.

"நான் இரண்டு கோட்டையும் வரைபடத்திலை போடுறன் அப்பு. பழைய கரையையும் போடுறன், இப்பத்தைய கரையையும் போடுறன்" என்றார் இளைஞர்.

வரைபடம் இன்னும் கைக்கு வரவில்லை. அதற்கிடையில் அவர் கிணறு இறைக்க ஆள் பேசிவிட்டார். தண்ணீர் உவர்க்கிறதா என்று பார்த்த பின்னரே எதை நடுவது என்று யோசிப்பாராம்.