மலையேறும் முன் ஏன் காத்திருக்கிறார்கள்?

எவரெஸ்ட் உச்சியின் உயரம் 8,849 மீட்டர். 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள், ஸ்லோவேனியா நாட்டைச் சேர்ந்த டாவோ கர்னிச்சார் அந்த உச்சியிலிருந்து பனிச்சறுக்குக் கட்டைகளில் புறப்பட்டு, 5 மணி நேரத்துக்குள் அடிவார முகாமை அடைந்தார். வழியில் ஓரிடத்திலும் அவர் கட்டைகளைக் கழற்றவில்லை. சில மணி நேரமே நீடிக்கும் இத்தகைய சறுக்கலுக்காக, மலையேறிகள் பல வாரங்களை மலையில் கழிக்கிறார்கள். அத்தனை நாள் அங்கே என்ன செய்கிறார்கள்?

முதல் வேலை, உடலைப் பழக்குவது. நேப்பாளப் பக்கத்து அடிவார முகாம் சுமார் 5,360 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கினபாலு உச்சியைவிட (4,095 மீட்டர்) இது 1,200 மீட்டருக்கும் மேல் உயரம். அங்கும் காற்றில் உயிர்வளியின் பங்கு 21 விழுக்காடுதான். ஆனால், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஆகவே ஒரு மூச்சில் கிடைக்கும் உயிர்வளியும் பாதியாகிறது. தண்ணீர்கூட ஏறக்குறைய 82 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் இல்லாவிட்டால் சோறு சரியாக வேகாது.

உடல் உடனே வேகமாக மூச்சு வாங்கத் தொடங்கும். அதனால் கரிவளி அதிகமாக வெளியேறி, இரத்தத்தில் காரத்தன்மை கூடும். இது மூச்சின் வேகத்துக்குத் தடை போடும். சிறுநீரகங்கள் பைகார்பனேட்டை வெளியேற்றி இதைச் சரிசெய்யச் சில நாள் ஆகும். சிவப்பணுக்கள் பெருகவோ வாரக்கணக்கில் ஆகும். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் இந்த வேலையை விரைவுபடுத்த முடியாது. அதனால்தான் மலையேறிகள் பகலில் மேலே ஏறிப் பழகிவிட்டு, தூங்குவதற்குக் கீழே இறங்கி வருகிறார்கள்.

இரண்டாவது வேலை, கட்டைகளைச் சோதிப்பது. முதலில் ஒரு கணக்கு. இரண்டு காலணிகளின் அடிப்பரப்பு சுமார் 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 170 சென்டிமீட்டர் நீளமும் 9 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இரண்டு கட்டைகளின் பரப்பு 3,060 சதுர சென்டிமீட்டர். விசை மாறாமல் பரப்பு ஐந்து மடங்கானால், அழுத்தம் ஐந்தில் ஒரு பங்காகும். அதனால்தான் காலணி புதையும் மென்பனியிலும் கட்டைகள் அதிகம் புதைவதில்லை.

அப்படியானால் சறுக்கும் கட்டையை வைத்து எப்படி மேலே ஏறுவது? கட்டையின் அடியில் மயிர்ப்பட்டை ஒன்றை ஒட்டுவார்கள். பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் கை வழுக்கிச் செல்லும். எதிர்த்திசையில் தடவினால் மயிர் தடுக்கும். அதுபோலவே இந்தப் பட்டையும் முன்னே போக விடும், பின்னே சறுக்க விடாது. ஆனால், கடுங்குளிரில் அதன் பசை ஒட்டாமல் போகலாம். காலணியைக் கட்டையோடு பிணைக்கும் பூட்டுக்குள் பனிக்கட்டி அடைத்தால், அது பாதி மட்டுமே பூட்டிக்கொள்ளும். தடித்த கையுறையோடு அதைப் பூட்ட வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். மிகக் குளிர்ந்த பனியில் உராய்வும் கூடுவதால், கட்டைகள் மணலில் இழுபடுவதுபோல் நகரும். இவற்றையெல்லாம் முகாமுக்கு அருகிலுள்ள சரிவுகளில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

முகாமில் பூட்டு கழன்றால் எழுந்து உட்கார்ந்து பழுது பார்க்கலாம். 8,000 மீட்டர் உயரச் சரிவில் கழன்றால் உயிர் போகலாம். உடலுக்கும் இதே விதிதான். தலைவலியும் குமட்டலும் வந்தால் மேற்கொண்டு ஏறக்கூடாது. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்திருப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

நீங்களும் ஒருநாள் கினபாலு ஏறலாம். 1,866 மீட்டரிலுள்ள திம்போஹோன் வாயிலிலிருந்து 3,272 மீட்டரிலுள்ள லாபான் ராத்தா தங்குமிடத்துக்குப் பலர் ஒரே நாளில் ஏறிவிடுகிறார்கள். அங்கே தலை வலித்தால், நண்பர்கள் கேலி செய்வார்களே என்று மறைக்காதீர்கள். உச்சிக்குக் கிளம்பும் முன்பே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். மலை அங்கேயேதான் இருக்கும். இன்னொரு முறை ஏறலாம்.