துயரச் செய்தியும் ஊர்ப் பத்திரிகையும்

திருத்தணி என்றதும் முருகப் பெருமானின் மலைக்கோயிலும், ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகளும், ஆடிக் கிருத்திகையன்று மலையேறும் காவடிகளும் நம் நினைவுக்கு வருகின்றன. அதே ஊருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அது எல்லைப்புற ஊர். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர் 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு மாறிற்றே ஒழிய, கோட்டின் இருபுறமும் இருந்த உறவுகள் மாறவில்லை. இன்றும் தமிழ்ப் பத்திரிகை படிப்பவரும் தெலுங்குப் பத்திரிகை படிப்பவரும் அங்கே அண்டை வீட்டாராக வாழ்கின்றனர்.

இத்தகைய ஊரில் ஒரு பெருந்துயரம் நேர்ந்தால், அதைப் பத்திரிகை எவ்வாறு எழுத வேண்டும்? மாணவர்களாகிய நீங்கள் நாளை பத்திரிகையாளர்கள் ஆகலாம். ஆகாவிட்டாலும் வாசகர்களாக இருக்கப் போகிறீர்கள். ஆகையால் இக்கேள்வி உங்களையும் சார்ந்ததே.

ஓர் உண்மை நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவோம். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் ஞாயிறு இரவு, சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில், திருத்தணிக்குச் செல்லும் வழியிலுள்ள ராமஞ்சேரி அருகே காரும் லாரியும் மோதிக் கொண்டன. காரில் வந்த கல்லூரி மாணவர் ஐவர் உயிரிழந்தனர். அவர்கள் ஆந்திரத்தைச் சேர்ந்த இளைஞர்கள். விபத்து நடந்தது தமிழ்நாட்டில். பெற்றோர் இருந்ததோ எல்லைக்கு அப்பால்.

இத்தகைய விபத்தில் செய்தி எவ்வழியே செல்கிறது என்று எண்ணிப் பாருங்கள். காவல்துறையினர் சட்டைப் பையிலோ கைப்பேசியிலோ அடையாளம் தேடுகின்றனர். பின்னர் வேறொரு மாநிலத்திலுள்ள காவல் நிலையத்திற்குத் தகவல் அனுப்புகின்றனர். அங்கிருந்து ஒருவர் வீட்டைத் தேடிச் சென்று கதவைத் தட்ட வேண்டும். இதற்குள் சில மணி நேரம் கழிந்து விடுகிறது. ஆனால் சாலையோரம் நின்றவர் எடுத்த படமோ சில நொடிகளில் இரு மாநிலங்களையும் கடந்து விடும். தாய் ஒருத்தி தன் மகனின் மரணத்தை, அவனுடைய சிதைந்த உருவப் படத்தின் வாயிலாக அறிய நேர்ந்தால், அக்கொடுமைக்கு யார் பொறுப்பு? ஆகவே, குடும்பத்தாருக்குத் தகவல் சேர்ந்தது என்று உறுதியாகும் வரையில் இறந்தவர் பெயரை வெளியிடாதிருத்தல் பத்திரிகையின் முதற் கடமை. இடம், நேரம், காயமுற்றோர் சேர்க்கப்பட்ட மருத்துவமனை, விசாரிக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகியவற்றை உடனே தெரிவிக்கலாம், தெரிவிக்கவும் வேண்டும். பத்திரிகை வாய் மூடி இருந்தால் அந்த இடத்தை வதந்தி பிடித்துக் கொள்ளும்.

அடுத்ததாகப் படத்தைப் பற்றிக் கூறவேண்டும். 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1966ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் இந்தியப் பத்திரிகை மன்றம் அமைக்கப்பட்டது. நெருக்கடி நிலைக் காலத்தில் அது இல்லாதொழிந்து, பின் 1979இல் மீண்டும் நிறுவப்பட்டது. அம்மன்றம் வகுத்துள்ள நெறிகளுள், தனிமனிதர் துயருறும் வேளையில் படமெடுத்து அவரது அந்தரங்கத்தில் புகுதலைத் தவிர்க்க வேண்டும் என்பதும் ஒன்று. ஆனால் விபத்திலும் இயற்கைச் சீற்றத்திலும் அல்லலுற்றோரின் படம் பொதுநலன் கருதி வெளியிடப்படலாம் என்றும் அந்நெறியே இடந்தருகிறது. இடிந்து கிடக்கும் பாலத்தின் படம், பாலம் ஏன் இடிந்தது என்று கேட்க வைக்கிறது. பிணவறை வாயிலில் மார்பில் அடித்துக் கொள்ளும் தாயின் படம் எந்தக் கேள்வியையும் எழுப்புவதில்லை. அவளை ஊரார் கண்முன் நிறுத்துவதோடு சரி. மன்றம் கண்டிக்கலாம், அபராதம் விதிக்க அதற்கு அதிகாரமில்லை. ஆதலால் பத்திரிகை அலுவலகத்தில் அமர்ந்திருப்பவரின் மனச்சாட்சியே இங்குப் பெரிதும் காவல். குழந்தைகள் திறத்தில் மட்டும் சட்டம் கண்டிப்பாகவே இருக்கிறது. குற்றத்திற்கு இரையான அல்லது சாட்சியான குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் முதலிய அடையாளங்களை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தடுக்கிறது.

மூன்றாவது, கேட்டதை எல்லாம் எழுதும் ஆபத்து. இதற்கு இங்கிலாந்தில் ஒரு கசப்பான சான்று உண்டு. 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஷெபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், கால்பந்தாட்டம் காண வந்த லிவர்பூல் நகரத்து மக்கள் நெரிசலில் சிக்கினர். அதனால் மாண்டவர் தொகை இறுதியில் 97 ஆயிற்று. நான்கு நாட்களுக்குப் பின் ‘தி சன்’ என்னும் பத்திரிகை, ‘உண்மை’ என்றே தலைப்பிட்டு, குடித்திருந்த ரசிகர்கள் இறந்தவர்களின் பைகளைக் கொள்ளையிட்டனர் என்று முதற் பக்கத்தில் எழுதிற்று. அது பொய். 2012இல்தான் அப்பத்திரிகை முதற் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. 2016இல் விசாரணை நடத்திய நடுவர் குழு, ரசிகர்கள் மீது குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. பிள்ளையை இழந்த குடும்பங்கள், இறந்தவரின் நற்பெயரை மீட்பதற்காகவும் 27 ஆண்டுகள் போராட வேண்டியதாயிற்று. லிவர்பூல் மக்களுள் பெரும்பாலோர் இன்றளவும் அப்பத்திரிகையைக் கையால் தொடுவதில்லை.

நம் நாட்டிலும் முதல் நாளே தீர்ப்பெழுதும் ஆசை பத்திரிகைகளுக்கு உண்டு. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில், ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலி கொண்டது. அவ்வேளையில் எழுந்த கோபம் இயல்பானதே. ஆனால் 2014ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புரைத்தபோது, குற்றஞ்சாட்டப்பட்ட 21 பேரில் 10 பேர் தண்டிக்கப்பட்டனர். 11 பேர் விடுவிக்கப்பட்டனர். 2017இல் மேல்முறையீட்டில் மேலும் சிலர் விடுதலை பெற்றனர். தீர்ப்பு சரியா, தவறா என்று ஆராய்வது நம் நோக்கமன்று. வழக்கு முடியப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குரிய முடிவை முதல் நாள் மாலையிலேயே தலைப்பாக அச்சிடுவது அடாத செயல் என்பதையே சொல்ல விரும்புகிறேன்.

அப்படியாயின் பத்திரிகை அடங்கிக் கிடக்க வேண்டுமா? இல்லவே இல்லை. துன்புற்றவரைப் பற்றி எழுதும்போது வேண்டிய அடக்கம், துன்பத்தின் காரணத்தைத் தேடும்போது வேண்டுவதில்லை. கும்பகோணத்தில் உண்மையில் எழுதப்பட வேண்டியவை கீற்றுக் கூரையும், குறுகிய படிக்கட்டும், அவற்றைப் பார்த்தும் பாராதது போல் அனுமதி அளித்த நிர்வாகமுமே. அத்துயரத்தைச் சுட்டிக்காட்டித் தொடரப்பட்ட வழக்கில், 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், நாட்டிலுள்ள பள்ளிகள் தீப் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்தாக வேண்டுமெனக் கட்டளையிட்டது. ஐந்தாண்டுகள் அந்தக் கேள்வியை மறவாதவர்கள் இருந்தமையால்தான் இது கைகூடிற்று. தங்கள் ஊர்ப் பள்ளியில் அந்த ஏற்பாடுகள் உள்ளனவா என்று ஆண்டுதோறும் சென்று பார்த்து எழுதும் நிருபர், கண்ணீர்ப் படம் வெளியிட்டவரைவிட அக்குழந்தைகளுக்கு மிகுந்த மரியாதை செய்தவராவார்.

இங்கே உள்ளூர் நிருபரின் சங்கடத்தையும் அறிதல் நலம். சிறிய ஊர்களில் பலர் பகுதி நேர நிருபர்களே. செய்தி அனுப்புபவரே விளம்பரமும் சேகரிக்க வேண்டியிருக்கிறது. விபத்துக்குள்ளான பேருந்தின் முதலாளியும், தீப்பற்றிய பள்ளியின் தாளாளரும், பொங்கல் மலருக்கு விளம்பரம் கொடுத்தவர்களாக இருக்கலாம். அவர்களைச் சினமூட்டாமல், பிள்ளையைப் பறிகொடுத்த ஏழையின் படத்தை மட்டும் பெரிதாகப் போடுவது எளிது. எளிதான அவ்வழியே தவறான வழி. ஏனெனில் நகரத்து நிருபர் மறுநாள் காரேறிப் போய்விடுவார். உள்ளூர் நிருபரோ, தாம் எழுதியதைப் படித்த அந்தத் தகப்பனாரைக் காய்கறிக் கடையிலும் கிருத்திகைக் கூட்டத்திலும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும்.

மாணவ நண்பர்களே! முற்காலத்தில் இவ்வறம் அச்சுக்கூடம் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் உரியதாய் இருந்தது. இன்று உங்கள் சட்டைப் பையிலும் ஓர் அச்சுக்கூடம் இருக்கிறது. சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கும்போது அக்கருவியால் முதலில் செய்ய வேண்டியது 108க்கு அழைப்பது. படம் எடுத்தே தீர வேண்டுமென்றால் சாலையின் பள்ளத்தையும், எரியாத விளக்கையும், எச்சரிக்கைப் பலகை இல்லாத திருப்பத்தையும் எடுங்கள். எடுத்ததை ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்பி, பள்ளம் மூடப்படும் வரை விடாமல் கேளுங்கள். எல்லைக்கு அப்பால் ஒரு வீட்டில் இன்னும் கதவு தட்டப்படவில்லை என்பதை மட்டும் எப்போதும் நினைவில் வையுங்கள்.