ஒரு தராசு போதுமா?

பொருளாதாரம் பேசுவதற்குப் பழனி மலைக்கு ஏன் போகவேண்டும் என்று நேயர்கள் கேட்கக்கூடும். நான் கல்லூரியில் கற்ற பொருளாதாரம் ஒரே தராசைக் கொண்டது. அதன் பெயர் விலை. அத்தராசு பொய்யன்று. பூம்பாறையில் விளையும் மலைப்பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கும்போது, அடுத்த போகத்தில் எவ்வளவு பயிரிடலாம் என்று உழவருக்கு உரைப்பது விலைதான்.

ஆனால் கொடைக்கானலின் மேல்மலையை எண்ணிப் பாருங்கள். பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்வெளியுமாக இருந்த நிலம் அது. பெய்த மழையை உள்வாங்கி, ஓடைகளில் சிறுகச் சிறுக விடுத்து, அடிவார வயல்களுக்கு அனுப்புவது அதன் தொழில். அந்நீரை விற்பாருமில்லை, விலை கூறுவாருமில்லை. ஆகவே கணக்கேட்டில் புல்வெளி வெறுந்தரிசாயிற்று. தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் மரமும், மரக்கூழுக்காகத் தைலமரமும் சென்ற நூற்றாண்டில் அங்கே நடப்பட்டன. பட்டைக்கு விலை உண்டு, வரவு எழுதப்பட்டது. இழந்த புல்வெளியோ எந்தச் செலவுப் பத்தியிலும் ஏறவில்லை.

இக்குறையை அறிஞர் அறியாதாரல்லர். விலையில் அடங்காத நன்மை தீமைகளை வரியாலும் மானியத்தாலும் சரிக்கட்டலாம் என்று 1920-இல் பிகூ என்னும் ஆங்கிலேயர் எழுதினார். நம் ஜே. சி. குமரப்பா மேலும் ஒரு படி சென்றார். இலண்டனில் பயின்ற கணக்காய்வாளர் அவர். ரூபாய்க் கணக்கின் அருமையையும் எல்லையையும் ஒருங்கே அறிந்தவர். இயற்கையின் இருப்பைக் கரைத்து உண்ணும் வாழ்வு நிலையாது என்று 1945-இல் வெளிவந்த நூலில் வாதிட்டார். காடு, நீர் முதலிய பொதுச் சொத்துக்களை மக்களே விதி வகுத்துக் காக்கவியலும் என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் நோபெல் பரிசு பெற்றார்.

இப்போது மேல்மலையில் நிற்கும் வாட்டில் மரங்களை என் செய்வது? அவற்றை அகற்றினால் புல்வெளி மீளலாம். ஆனால் அவையே மலைச் சிற்றூர்களின் அடுப்புக்கு விறகு. சில இடங்களில் அவற்றின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் முளைத்துள்ளன. இழப்பை யார் சுமக்கிறார் என்று பிகூவின் கல்வி கேட்கும். பேரனுக்கு என்ன மிஞ்சும் என்று குமரப்பாவின் கல்வி கேட்கும். அங்கு வாழ்வோரைக் கலந்தீர்களா என்று ஆஸ்ட்ரமின் கல்வி கேட்கும். ஒரு கேள்வியை விட்டாலும் முடிவு பிழைபடும்.

பல கொள்கைகளையும் சேர்த்தே கற்பியுங்கள் என்று 2014-இல் பல நாட்டுப் பொருளாதார மாணவர் சங்கங்கள் ஒன்றுகூடிக் கோரின. அக்கோரிக்கை நியாயமானதே. நல்ல மருத்துவர் நாடியைப் பார்த்தபின் நாவையும் கண்ணையும் பார்க்கிறார். அதனால் நாடி பொய்யாகிவிடுவதில்லை. நோயாளி பிழைக்கிறான்.