தீர்ந்த வழக்கும் தீராத பிணக்கும்



மாலை வேளைகளில் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும் நம்மவர் பலரும், கடலையொட்டித் தாழ்ந்து வந்து இறங்கும் விமானங்களை அண்ணாந்து பார்ப்பதுண்டு. வளைகுடா நாட்டில் உழைக்கும் மகனோ மருமகனோ அதில் வரக்கூடும் என்ற எண்ணம் நம் நெஞ்சில் எழும். அவ்விமானத்தின் முன்னறையில் விமானிகள் இருவர் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் செய்வதை மற்றவர் சரிபார்க்க வேண்டும். ஒருவர் பிழை செய்தால் மற்றவர் தயங்காது வாய்திறந்து சொல்ல வேண்டும். அந்த இருவருக்குமிடையே பழைய மனத்தாங்கல் ஒன்று இருந்துவிட்டால் என்ன ஆகும்?

இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. 1953-ஆம் ஆண்டில் விமானப் போக்குவரத்து நாட்டுடைமையானபோது, வெளிநாடுகளுக்குப் பறக்க ஏர் இந்தியாவும், உள்நாட்டில் பறக்க இந்தியன் ஏர்லைன்ஸும் தனித்தனியே அமைந்தன. ஐம்பதாண்டுகளுக்கு மேல் இரண்டும் இரு குடும்பங்களாகவே வளர்ந்தன. சம்பள முறையும் வேறு. பதவி உயர்வின் வேகமும் வேறு. விமானிகளின் சங்கமும் வேறு. 2007-இல் அரசு இரண்டையும் ஒன்றாக்கியது. பெயர்ப்பலகை ஒன்றாயிற்று, சம்பளப் பட்டியலும் மூப்புப் பட்டியலும் ஒன்றாகவில்லை.

விமானியின் வாழ்வில் மூப்புப் பட்டியலே முதன்மையானது. எப்போது தலைமை விமானி ஆவது, எந்த விமானத்தை ஓட்டுவது என்பனவெல்லாம் பெரும்பாலும் அதைப் பொறுத்தவை. அலுவலகத்தில் சீனியாரிட்டி லிஸ்டில் ஓர் இலக்கம் கீழே போனாலே நாம் இரவெல்லாம் உறங்குவதில்லை அல்லவா? அவர்களும் அப்படித்தான்.

2011-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில், பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளின் சங்கம், ஏர் இந்தியா விமானிகளுக்கு ஈடான ஊதியம் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கியது. பத்து நாட்கள் அது நீடித்தது. சங்கத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. சிலர் வேலைநீக்கம் செய்யப்பட்டு, உடன்பாடு ஏற்பட்டபின் திரும்ப எடுக்கப்பட்டனர். முன்னாள் உச்சநீதிமன்ற நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் அமைந்த குழு, இரு சாராரையும் எவ்வாறு இணைப்பது என்று ஆராய்ந்து 2012 ஜனவரியில் அறிக்கை தந்தது.

ஆனால் அதே ஆண்டு மே மாதத்தில் மறுசாரார் கிளம்பினர். புதிதாக வரவிருந்த போயிங் 787 விமானத்தில் பயிற்சி யாருக்கு என்பதே அப்போதைய வழக்கு. அந்த வாய்ப்பு தமக்கே உரியதென்று ஏர் இந்தியா விமானிகள் கருதினர். அவர்கள் உடல்நலமில்லை என்று விடுப்பெடுத்தனர். 58 நாட்கள் போராட்டம் நடந்தது. நூறு பேருக்கு மேல் வேலை இழந்தனர். டில்லி உயர்நீதிமன்றத்தின் தலையீட்டால் ஜூலைத் தொடக்கத்தில் அது ஓய்ந்தது. முதல் ஆண்டில் ஒரு சங்கம், மறு ஆண்டில் மற்றொரு சங்கம்; இருவரும் சேர்ந்து நிற்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இத்தகைய பிளவு எத்துணைக் காலம் நிற்கும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. 1989-இல் அந்நாட்டு விமானிகள் 29.47 சதவீத ஊதிய உயர்வு கேட்டு, அலுவலக நேரத்தில் மட்டுமே பறப்போம் என்றனர். பின்னர் ஏறத்தாழ 1,640 பேர் ஒருங்கே இராஜினாமா செய்தனர். பிரதமர் பாப் ஹாக் விமானப் படையின் விமானங்களைக் கொண்டு பயணிகளை ஏற்றினார். சிலர் வேலைக்குத் திரும்பினர். பலர் வெளிநாடு சென்று பிழைத்தனர். திரும்பியவருக்கும் திரும்பாதவருக்கும் இடையே எழுந்த பகை பல்லாண்டுகள் ஆறவில்லை.

இதனை எழுதும் நான் ரயில்வேயில் ஒரு சாதாரண குமாஸ்தா. இந்தப் புண்ணை நான் எங்கள் குடும்பத்திலேயே கண்டிருக்கிறேன். 1974 மே 8 முதல் 27 வரை ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தபோது என் பெரியப்பா மதுரையில் பணியில் இருந்தார். அவர் வேலைக்குப் போகவில்லை. அடுத்த வீட்டு நண்பர் போனார். அவ்வாறு போனவர்கள் 'விசுவாச ஊழியர்' எனப்பட்டனர். முன்கூட்டிய சம்பள ஏற்றமும் பிள்ளைகளுக்கு வேலையும் போன்ற சலுகைகள் அவர்களுக்கு உண்டாயின. இரு வீடுகளுக்கும் பொதுவாக இருந்த முற்றத்தில் பேச்சு நின்றது. நண்பர் மகளின் கலியாணத்துக்கு அழைப்பு வந்தும் எங்கள் வீட்டார் எவரும் செல்லவில்லை. பெரியப்பா போராடிக் கேட்ட போனஸ் 1979-இல் ரயில்வேக்காரர் அனைவருக்கும் வந்தது. அடுத்த வீட்டுக்கும் வந்தது. அதையும் அவர் பொறுக்கவில்லை.

நண்பர் காலமானபிறகே பெரியப்பாவுக்கு ஓர் உண்மை தெரிந்தது. அந்த மே மாதத்தில் நண்பரின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். ஒரு நாள் கூலியும் இழக்க அவரால் இயலாதாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், நான்தான் கேட்கவில்லை என்று பெரியப்பா இறுதிவரை வருந்தினார்.

உரிமைக்காகப் போராடுவது தவறென்று நான் கூறவில்லை. போராடாமல் எட்டு மணி நேர வேலையும் இல்லை, போனஸும் இல்லை. ஆயினும் சம்பளத்தை எழுதித் தீர்ப்பவர்கள், மனத்தாங்கலையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும். நிர்வாகம் ஒரு சாராருக்குச் சலுகை தந்து மற்றவரைப் பழிவாங்கலாகாது. சங்கமும், வர இயலாதவனின் காரணத்தை முதலில் கேட்டறிய வேண்டும்.

விமானிகளிடத்தில் நம்பிக்கைக்கு இடமுண்டு. 2022-இல் ஏர் இந்தியா டாட்டா வசம் வந்தபின், 2023-இல் புதிய ஊதிய நிபந்தனைகளை எதிர்த்து அவ்விரு சங்கங்களும் சேர்ந்தே குரல் கொடுத்தன. பதினொரு ஆண்டுகளுக்கு முன் எதிரெதிரே நின்றவர்கள் ஒரே கடிதத்தில் ஒப்பமிட்டனர்.

நம் வீட்டுப் பிள்ளைகளும் நாளை ஏதேனும் ஒரு தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ இத்தகைய சந்தர்ப்பத்தைச் சந்திப்பர். எந்தப் பக்கம் நிற்பது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். மறுபக்கம் நின்றவன் வீட்டுக் கலியாணத்துக்கு மட்டும் தவறாமல் போய்வரச் சொல்லுங்கள்.