கடுகு விளைவும் சூரிய வெளிச்சமும்

நல்ல மண், அளவான நீர், வேண்டிய எரு ஆகிய மூன்றும் இருந்தும் கடுகுப் பயிர் சில நிலங்களில் ஏமாற்றிவிடுவதுண்டு. செடி ஓங்கி வளர்கிறது. அறுத்துத் தூற்றும்போதோ மணி தேறுவதில்லை. இத்தகைய நிலங்களில் குறை மண்ணில் இராமல் வெளிச்சத்தில் இருக்கக்கூடும். அதை அறியாமல் கடன் வாங்கி மேலும் மேலும் உரமிடுவதால் நஷ்டமே பெருகும்.

உயரம் செழிப்பன்று

இருட்டறையில் வளர்த்த முளைப்பாரி வெளுத்து, நீண்டு, மெலிந்திருப்பதை யாவரும் பார்த்திருக்கிறார்கள். நிழலிலுள்ள கடுகும் ஓரளவு அவ்வாறே ஆகிறது. இலை தனக்கு வேண்டிய மாவுச்சத்தைச் சூரிய ஒளியைக்கொண்டே தயாரிக்கிறது. ஒளி குறைந்தால் சத்தும் குறையும். குறைந்த சத்தையும் வேருக்கும் கிளைக்கும் பங்கிடாமல், வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டுவதிலேயே செடி செலவிடுகிறது. இலைகள் அகன்று மெலிகின்றன, வேர் சிறுக்கிறது, பக்கக்கிளைகள் குறைகின்றன.

அண்டைச் செடியின் நிழலைக் கடுகு விரைவில் உணர்ந்துகொள்ளும். பச்சை இலைகள் சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு, சிவப்புக்கு அப்பாலுள்ள, கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. இந்த வேறுபாட்டைச் செடியிலுள்ள பைட்டோக்ரோம் என்னும் நிறமி கண்டறிகிறது. 1980-ம் வருஷம் இங்கிலாந்தில் வெள்ளைக் கடுகைக்கொண்டு நடத்திய சோதனையில், அவ்வொளி தண்டின்மேல் பட்ட சில நிமிஷங்களுக்குள்ளாகவே தண்டு விரைந்து நீளத் தொடங்கிற்று. சுவரின் நிழல் ஒளியின் அளவை மட்டும் குறைக்கிறது. இலையின் நிழலோ அளவோடு தன்மையையும் மாற்றிவிடுகிறது. நெருக்கி விதைத்த பயிர் ஒன்றையொன்று மிஞ்சி உயர்வது இதனால்தான்.

மகசூல் குறையும் தருணம்

பூக்கும் காலமும் காய் பிடிக்கும் காலமுமே மிகவும் கவனிக்கத்தக்கவை. அப்போது வெளிச்சம் குறைந்தால் பூக்கள் உதிரும், காய்கள் குறையும், மணி சிறுத்து எண்ணெயும் குறையக்கூடும். பூத்தபின் கீழிலைகள் பழுத்து உதிர்வதால், பச்சைக் காய்களே ஒளியை ஏற்று மணிகளுக்கு வேண்டிய சத்தில் பெரும் பங்கைத் தயாரிக்கின்றன. ஆகவே காய்களின்மேல் வெயில் படுவது அவசியம். மூடுபனியும் மேகமூட்டமும் நீடித்தால் அசுவினியும் வெண்துரு நோயும் மிகுவதுண்டு.

வடக்கிலும் சென்னையிலும்

கடுகு இந்தியாவில் பெரும்பாலும் ராஜஸ்தான், ஹரியானா, உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் ஆகிய இடங்களில் பயிராகிறது. ராஜஸ்தானத்துப் பரத்பூரில் 1993-ல் இதற்கெனத் தனி ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பஞ்சாப், ஹரியானா பகுதிகளில் பாப்ளர் மரங்களினூடே மாரிக்காலப் பயிர்களைச் சாகுபடி செய்கிறார்கள். அம்மரங்கள் குளிர்காலத்தில் இலையுதிர்ப்பதால் நிழல் குறைகிறது. ஆயினும் மரங்கள் முதிர முதிர ஊடுபயிரின் விளைவு தாழ்கிறது.

சென்னைக்குத் தெற்கே பரங்கிமலையை அடுத்த ஆதம்பாக்கம் முன்பு ஏரியையொட்டிய கிராமம். 2011-ல் அது மாநகராட்சியுடன் சேர்ந்தது. இன்று அங்கே வீடுகள் நெருங்கி நிற்பதால், கொல்லையில் கடுகு தெளித்தால் சுவர் நிழலே பெரும் இடையூறாகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழைமேகமும் அதனோடு சேர்ந்துகொள்ளும்.

செய்யவேண்டியவை

வரிசைக்கு வரிசை ஓர் அடி இடைவெளி விட்டு விதைக்கவேண்டும். 15 முதல் 20 நாட்களுக்குள் செடிக்குச் செடி 4 முதல் 6 அங்குலம் இருக்குமாறு களைத்துவிடவேண்டும். இளஞ்செடியைப் பிடுங்க மனம் வராமல் விடுபவர், பின்னர் காயில் அதை இழப்பார். களைகளைத் தொடக்கத்திலேயே நீக்குவதும், வரப்போர மரங்களின் தாழ்ந்த கிளைகளைக் கழிப்பதும் நலம். சென்னைப் பக்கத்தில் கார்த்திகைப் பிற்பகுதியில் விதைத்தால், ரகத்திற்கேற்ப ஏறக்குறைய 40 முதல் 50 நாட்களில் வரும் பூக்காலம் தை மாத வெயிலில் அமையும்.

நிழலில் நெடுத்த பயிருக்கு மேலுரமாக யூரியா இடுவது தவறு. தழைச்சத்து மிகுந்தால் தண்டு மேலும் இளகிச் சாயும்; அசுவினியும் அதை நாடும். வெளிச்சத்தின் குறையை உரம் ஈடுசெய்யாது.

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் நேர்வெயில் படாத இடத்தில் மணியை எதிர்பார்த்துக் காத்திருப்பது வீண். அங்கே விதைத்த 25 அல்லது 30 நாட்களில் இளங்கீரையாகப் பறித்துச் சமையலுக்கு உபயோகிப்பதே லாபம். வெயில் படும் நிலத்தையே விதைக்காக ஒதுக்கவேண்டும்.